டெஸ்ட் ஒருத்திக்கு, பத்தியம் முழு வீட்டுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுவதும் வாசியுங்கள். வயிற்றைப் பற்றி எழுதப் போகிறேன். நம் பெண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படும் விடயங்களும் இதில் வரும். வீட்டில் இவரிடமும் மாமியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மாமி சொன்ன பதில் இது: "எழுதுங்க மகள். நான் செஞ்ச பிழையையும் சேத்தே எழுதுங்க. நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்."

எனக்கு ஒன்பது வருடமாக வயிற்றுக் கோளாறு. காலையில் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறும்போதே வயிறு ஊதத் தொடங்கும். மூன்றாம் பாடவேளைக்குள் உள்ளே கடகடவென்று சத்தம். முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்குமோ என்று பயந்து சத்தமாகப் படிப்பிப்பேன். சில நாட்கள் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓட வேண்டி வரும். ஆசிரியைகளுக்கு இருப்பது ஒரே ஒரு கழிவறை. அங்கே வரிசையில் நிற்கும்போது எத்தனை தடவை அழுதிருக்கிறேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

எல்லோரும் சொன்ன பெயர் "கேஸ்ட்ரைட்டீஸ்". நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அதுதான் பெயர். பாமசியில் பெயரைச் சொன்னால் ஒமிப்ரசோல் தருவார்கள். அதையும் வருடக்கணக்கில் குடித்தேன். அதோடு எல்லோரும் சொன்ன கைமருந்து: "இரவைக்கு ஒரு கிளாஸ் பால் குடிங்க, வயிறு குளிரும்." மாமி ஒரு நாள் விடாமல், நிறையப் பால்மா போட்டுக் கலக்கி, அன்போடு கொண்டு வந்து தருவார். நானும் குடித்தேன். பாடசாலையில் இடைவேளைக்குப் பால் டீ, வீட்டுக்கு வந்ததும் பால் டீ, யாராவது வந்தால் இன்னொன்று.

போன வருடம் ஒரு விசேட வைத்தியரிடம் போனேன். அவர்தான் முதல் முறையாக என்னிடம் நேரம் எடுத்துக் கேட்டார். எப்போது வருகிறது, எதைச் சாப்பிட்ட பிறகு வருகிறது, எடை குறைந்ததா, இரத்தம் போகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, இரத்தப் பரிசோதனையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாலில் இருக்கும் சீனி உங்களுக்குச் செமிக்கவில்லை என்று நினைக்கிறேன். மூச்சுப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. செய்ய முடிந்தால் நல்லது." அந்த நேரம் இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கச்சி ஆகஸ்ட் லீவுக்கு வரவிருந்தாள். வீட்டிலேயே செய்யக்கூடிய பெட்டி அங்கே கிடைக்கிறது என்றாள். டொக்டரும் சரி என்றார். குழாய்களில் ஊதி மூடி வைத்தால், அவள் திரும்பிப் போகும்போது கொண்டுபோய் அங்குள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிடலாம்.

இதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானம் எளிமையானது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கும். பாலில் லக்டோஸ் என்ற சீனி இருக்கிறது. அதை உடைக்க லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அது தாராளமாக இருக்கும். வளர வளர உலகத்தில் மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களுக்கு அது குறைந்து விடுகிறது. உடையாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் பற்றீரியா அதைப் புளிக்க வைத்து ஐதரசன் வாயு உண்டாக்கும். நம் உடலின் கலங்கள் எதுவும் ஐதரசன் வாயுவை உண்டாக்குவதில்லை. அந்த வாயுவில் ஒரு பங்கு குடலில் இருந்து இரத்தத்துக்கும், இரத்தத்தில் இருந்து நுரையீரலுக்கும் போய், மூச்சில் வெளியே வரும். இதை அமெரிக்க வைத்தியர் மைக்கேல் லெவிட் 1969இல் அளந்து எழுதினார். வயிற்றுக்குள் நடப்பதை மூச்சில் பிடிக்கும் இந்தப் பரிசோதனை அங்கிருந்துதான் வளர்ந்தது.

இது நம் ஊருக்குப் புதிய பிரச்சினையும் அல்ல. பேராதனை மருத்துவ பீடத்தில் இருந்த பேராசிரியர் பிரயன் செனவிரத்னவும் அவரது சக ஆய்வாளர்களும் இலங்கையரிடம் இந்த லக்டேஸ் குறைபாடு பரவலாக இருப்பதை 1977லேயே மருத்துவ இதழொன்றில் எழுதிவிட்டார்கள். நம் வீட்டில் இருந்து ஆற்றைக் கடந்தால் பேராதனை. ஆனாலும் அந்தச் செய்தி நம் குசினிக்குள் வந்து சேரவில்லை.

சரி, பெட்டி வந்தது. ஏழு கண்ணாடிக் குழாய்கள், ஊதுவதற்கு ஒரு பை, லக்டோஸ் மா 25 கிராம், ஒரு தாள். வெறும் வயிற்றில் முதல் குழாய். பிறகு அந்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு குழாய் வீதம் மூன்று மணித்தியாலம். 25 கிராம் லக்டோஸ் என்பது கிட்டத்தட்ட அரை லீற்றர் பாலில் இருப்பது.

தாளில் இருந்த பட்டினியைப் பார்த்து நான் சிரித்தேன். இரவில் இருந்து 8 முதல் 12 மணித்தியாலம் சாப்பிடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம். நோன்பு பிடிக்கும் நமக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அங்கேதான் பிழைத்தது. பட்டினி கிடப்பதில் நாம் கெட்டிக்காரர். நமக்குக் கஷ்டம், அதற்கு முந்தைய நாள் கொஞ்சமாக, வெறுமையாகச் சாப்பிடுவது.

முந்தைய நாள் குடலில் எதுவும் புளிக்காத சாப்பாடு மட்டும் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சோறு, முட்டை, சுட்ட மீன் அல்லது அவித்த கோழி, உப்பு, மிளகு, சீனியும் பாலும் இல்லாத பிளேன்டீ. அவ்வளவுதான். பருப்பு, கடலை, கிழங்கு, மரக்கறி, பழம், பாண், ரொட்டி, வெங்காயம், உள்ளி, தேங்காய்ப்பால் எதுவும் கூடாது. நம் குசினியை நினைத்துப் பாருங்கள். வெங்காயமும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் நம் வீட்டில் எது சமைக்கிறது?

அந்தச் சனிக்கிழமை மடவளையில் இவரது சொந்தத்தில் ஒரு வலீமா. போகாமல் இருக்க முடியாது. சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். நான் கை வைக்காமல் இருந்தால் மற்ற ஐந்து பேருக்கும் சங்கடம். "ஏன் மகள், சாப்பாடு சரியில்லையா?" என்று வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். சஹனில் இருந்து வெங்காயத்தை விலக்கி, கஜுவை விலக்கி, சோற்றை மட்டும் ஐந்தாறு கவளம் எடுத்தேன். மனம் சமாதானம் ஆனது. வட்டிலப்பத்தை "பிறகு" என்று சொல்லித் தப்பித்தேன்.

மஃரிபுக்குப் பிறகு வீட்டில் பசியோடு இருந்தேன். மாமிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கோப்பையில் எதையோ கொண்டு வந்தார். "பருப்புத் தண்ணி தானே மகள், பருப்பு ஒண்டும் இல்ல. வடிச்சிட்டேன். வெறும் வயித்தோட எப்பிடி ஈக்கிற?" குடித்தேன். அதற்குப் பிறகு இரவுச் சாப்பாட்டுக்குக் கறி வைத்தது யார்? நான்தான். உப்புப் பார்த்தது யார்? அதுவும் நான்தான். நோன்பில் ருசி பார்த்துத் துப்பத் தெரிந்த எனக்கு அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை.

தங்கச்சி பெரஹர முடிந்து வீதிகள் திறந்த கிழமையில் புறப்பட்டாள். குழாய்களைக் கொண்டு போனாள். மூன்று கிழமையில் பதில் வந்தது. முதல் குழாயிலேயே, அதாவது நான் லக்டோஸ் குடிக்க முன்பே, ஐதரசன் கூடுதலாக இருக்கிறது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சரியாகத் தயாராகி மீண்டும் செய்யவும்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒரு பரிசோதனை செய்வதென்றால் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன். என் வயிற்றில் செய்ததோ நேர்மாறு. பிறகுதான் வாசித்து விளங்கிக்கொண்டேன். வெங்காயத்தை விலக்கினால் போதாது. அதிலும் உள்ளியிலும் குடல் செமிக்காத சீனி வகை இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். துண்டை எடுத்துப் போட்டாலும் சாறு சோற்றில் ஊறியிருக்கும். பருப்பிலும் அப்படித்தான். பருப்பை வடித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தால், வயிற்றை ஊத வைக்கும் சீனியில் ஒரு பங்கை அந்தத் தண்ணீரோடு நானே குடிக்கிறேன்.

செலவும் வீண். அதைவிட நாட்கள் வீண். ஒக்டோபரில் எனக்கு நெஞ்சுச் சளி பிடித்து அன்டிபயோட்டிக் குடித்தேன். அது குடலில் உள்ள பற்றீரியாவையும் அடிக்கும். அதனால் அதை முடித்து நான்கு கிழமையாவது போக வேண்டும். டிசம்பர் லீவுக்கு மச்சான் வந்தபோதுதான் இரண்டாவது பெட்டி கையில் கிடைத்தது. இடையில் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் ஒவ்வொரு இரவும் அதே ஒரு கிளாஸ் பால்.

இங்கேதான் நான் சொல்ல வந்த கருத்து.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் வைப்போம். நாற்பது நாள். என்ன சாப்பிட வேண்டும், எது கூடாது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முழு வீட்டுக்கும் தெரியும். அவளுக்குத் தனிச் சட்டி. அவள் குசினிக்குள் வரக்கூடாது. வருகிறவர்கள் கொண்டு வரும் பலகாரம் அவள் கைக்குப் போகாது, இடையில் ஒரு உம்மா நின்று வாங்கி வைத்துவிடுவார். பத்தியம் என்பதைத் தாய் மட்டும் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. வீடே இருக்கிறது. நாற்பது நாள் இருக்கத் தெரிந்த நமக்கு, ஒரு டெஸ்டுக்காக ஒரே ஒரு நாள் இருக்க ஏன் முடியவில்லை?

முடியாததற்குக் காரணம், டெஸ்டை நாம் நோயாளியின் தனி வேலையாகப் பார்ப்பது. அதுவும் நோயாளி பெண் என்றால் அவளே சமைக்க வேண்டும், அவளே ருசி பார்க்க வேண்டும், அவளே விருந்துக்குப் போக வேண்டும், அவளே பத்தியமும் காக்க வேண்டும். ஒரு கை கரண்டியைப் பிடித்திருக்க மற்றக் கை வாயைப் பொத்தியிருக்க முடியுமா?

டிசம்பரில் வேறு மாதிரிச் செய்தோம். வெள்ளிக்கிழமை இரவே இவர் சொல்லிவிட்டார்: "நாளைக்கு இவ குசினிக்குள்ள போக மாட்டா." சனிக்கிழமை மூத்த மகள் சமைத்தாள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. சுடச்சுட வெள்ளைச் சோறு, அவித்த முட்டை, உப்பும் மிளகும் மட்டும் போட்டுச் சுட்ட மீன். சிவப்பரிசி இல்லை. முந்தைய இரவு மிஞ்சிய சோறும் இல்லை, ஏனென்றால் ஆறிய சோற்றில் ஒரு பங்கு மாச்சத்து செமிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். சின்னவன் முகத்தைச் சுளித்தான். "ஒரு நாளைக்கி உம்மாக்காக" என்று மாமி அவன் தலையைத் தடவினார். அதே மாமிதான் வாசலிலும் நின்றார். பக்கத்து வீட்டில் இருந்து வந்த கொழுக்கட்டைத் தட்டை அங்கேயே வாங்கி, "இண்டைக்கி மருமகளுக்குப் பத்தியம், நாளைக்கிப் பின்னேரம் தின்னுவா" என்று சொல்லி அனுப்பினார். யாரும் கோபிக்கவில்லை. நாம்தான் மற்றவர்கள் கோபிப்பார்கள் என்று நினைத்துப் பயப்படுகிறோம்.

ஞாயிறு சுபஹுக்கு எழும்பினேன். வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். வாயில் இருக்கும் பற்றீரியாவும் சீனியைப் புளிக்க வைத்து முதல் குழாய்களின் கணக்கைக் கெடுக்கும். ஏழு மணிக்கு முதல் குழாய். பிறகு லக்டோஸ். சின்னவன்தான் நேரக் காவல். போனில் மணி வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை "உம்மா, ஊதுங்க" என்பான். குழாயின் இலக்கம், ஊதிய நேரம் எல்லாம் அந்த இடத்திலேயே எழுதினான். பிறகு நினைவில் இருந்து எழுதினால் மூன்றும் நான்கும் மாறிப் போகும். நெஞ்சு வெடிக்க ஊதத் தேவையில்லை. சாதாரணமாக மூச்செடுத்து, சாதாரணமாக விட வேண்டும். நுரையீரலின் அடியில் இருந்து வரும் கடைசிப் பங்கு மூச்சுத்தான் வேண்டியது.

எங்கள் வீடு மலைச்சரிவில். வீதிக்கு இறங்க அறுபத்திரண்டு படி. அன்றைக்கு ஒரு படியும் இறங்கவில்லை. மூச்சு வாங்க நடந்தாலும், இடையில் தூங்கினாலும் அளவு மாறும். பகல் பத்தரை மணிக்கு முன்பே வயிறு பானை போல ஊதிவிட்டது. வலித்தது. ஆனால் முதல் தடவையாக அந்த வலி எனக்குப் பயம் தரவில்லை.

முடிவு வந்தது. முதல் குழாயில் 3. ஒன்றரை மணித்தியாலத்தில் 58. பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு அது. முதல் அளவைவிட 20 கூடினாலே லக்டோஸ் செமிக்கவில்லை என்று எடுப்பார்கள். டொக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல் குழாய் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் இந்த 58ஐ நம்ப முடிகிறது."

வயிறு குளிர என்று ஒன்பது வருடம் குடித்த பால்தான் வயிற்றை எரித்தது. மாமி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கிளாஸை அவர் மனம் நிறைந்த அன்போடுதான் தந்தார்.

சிலர் கேட்கலாம்: இரண்டு கிழமை பாலை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடாதா, டெஸ்ட் எதற்கு? நியாயமான கேள்வி. பல டொக்டர்மாரும் அப்படிச் சொல்வார்கள். பலருக்கு அதுவே போதும். எனக்கு ஏன் போதவில்லை என்றால், என்னை நிறுத்த விடவில்லை. "பால் டீ வேண்டாம்" என்று நான் சொன்ன இடமெல்லாம் "ஒரு வாய் குடிங்க, ஒண்டும் ஆகாது" என்றார்கள். மறுத்தால் பெருமை என்றார்கள். என் வாய் ஒன்பது வருடம் சொன்னதை யாரும் எடுக்கவில்லை. என் மூச்சு மூன்று மணித்தியாலத்தில் சொன்னதை எல்லோரும் எடுத்தார்கள். இதில் எனக்கு நிம்மதியும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. ஒரு பெண் "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொன்னால் அதை நம்ப ஒரு தாள் ஏன் வேண்டும்?

இந்தப் பரிசோதனை செய்யப் போகிறவர்களுக்காக, நான் கற்றதைச் சுருக்கி எழுதுகிறேன். உங்கள் பெட்டியோடு வரும் தாளும், உங்கள் டொக்டர் சொல்வதும்தான் முதலாவது.

1. நாளை முதலில் தெரிவு செய்யுங்கள். முந்தைய நாள் கல்யாணம், கத்தம், பெருநாள் எதுவும் இருக்கக்கூடாது. டெஸ்டின்போது குடிக்க வேண்டி இருப்பதால் நோன்பு நாளில் செய்ய முடியாது. நோன்பு காலத்துக் கஞ்சி, பேரீச்சம்பழம், வடை எல்லாம் முந்தைய நாளையும் கெடுக்கும். ரமழானுக்கு வெளியே ஒரு நாளை வைத்துக்கொள்வது நல்லது.

2. அன்டிபயோட்டிக் குடித்திருந்தால் முடித்து 4 கிழமை போகட்டும். பேதி மருந்து, டொம்பெரிடோன் போன்ற குடலை ஓட்டும் மருந்துகளை 1 கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். டொக்டரிடம் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். பிரஷர் குளிசையையும் சீனி வருத்தத்துக்கான மருந்தையும் ஒருபோதும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் பட்டினி கிடக்கவும், இந்தச் சீனித் தண்ணீர் குடிக்கவும் முன்பே கட்டாயம் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

3. முந்தைய நாள் மேலே சொன்ன வெள்ளைச் சாப்பாடு மட்டும். அன்றைக்கு நீங்கள் சமைக்க வேண்டாம்.

4. டெஸ்ட் முடியும் வரை வெற்றிலை, சிகரட், சூயிங்கம், மின்ட் டொபி எதுவும் வேண்டாம். சீனி இல்லாத டொபி என்று விற்பதிலும் குடலில் புளிக்கும் இனிப்பு இருக்கும்.

5. குழாயில் பெயர், இலக்கம், நேரம். வெயில் படாத இடத்தில் வைத்து, சொன்ன நாளுக்குள் அனுப்புங்கள்.

இன்னொரு விடயம். "மூச்சு டெஸ்ட்" என்ற பெயரில் வேறொன்றும் இருக்கிறது. இரண்டையும் குழப்ப வேண்டாம். அது இரைப்பையில் இருக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைத் தேடும் யூரியா மூச்சுப் பரிசோதனை. அடையாளம் வைத்த காபன் உள்ள யூரியாவைக் குடிக்கத் தருவார்கள். அந்தப் பற்றீரியா இருந்தால் யூரியாவை உடைக்கும், அடையாளம் வைத்த காபனீரொட்சைட்டு மூச்சில் வரும். இந்தக் கிருமியைப் பலரும் நம்பாத காலத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பாரி மார்ஷல் என்ற வைத்தியர் 1984இல் அதைத் தானே குடித்துத் தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005இல் அவருக்கும் ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்ணுக்கும் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்க்கும் இந்தக் கிருமி காரணமாகிறது.

அந்த டெஸ்டுக்குத் தயாராவது வேறு மாதிரி. அதில் முக்கியமானது நம் ஊரின் செல்ல மருந்தான ஒமிப்ரசோல். அதையும் அதே வகைக் குளிசைகளையும் 2 கிழமைக்கு முன்பும், அன்டிபயோட்டிக்கை 4 கிழமைக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் "இல்லை" என்று பொய்யான முடிவு வரலாம். பாமசியில் நாமே கேட்டு வாங்குவதால் அதை ஒரு மருந்தாகவே நாம் நினைப்பதில்லை. "மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்போம். தயவு செய்து அந்தக் குளிசையின் பெயரையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மூச்சு டெஸ்ட் பதில் அல்ல. கறுப்பாக மலம் போனால், இரத்தம் போனால், வாந்தியில் இரத்தம் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், விழுங்கக் கஷ்டமானால், இரத்தசோகை இருந்தால், வயது போன பிறகு புதிதாக வயிற்றுக் கோளாறு தொடங்கினால் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டாம். கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். கிளினிக்கில் வரிசை நீளம்தான், ஆனால் காசு இல்லை. அதேபோல தலைமுடியை அனுப்புங்கள், விரலில் ஒரு துளி இரத்தம் அனுப்புங்கள், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத நூறு சாப்பாட்டைச் சொல்கிறோம் என்று வரும் விளம்பரங்களுக்கு ஏமாற வேண்டாம். அவற்றை வைத்து சாப்பாட்டை ஒதுக்கச் சொல்ல மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

இன்னும் ஒன்று: இதை வாசித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் பாலை நிறுத்திவிடாதீர்கள். லக்டேஸ் குறைந்த பலருக்கே வருத்தம் வருவதில்லை. ஒரு நேரத்தில் 12 கிராம் லக்டோஸ், அதாவது ஒரு கோப்பைப் பால் அளவு, பலரும் தாங்குவார்கள். பிள்ளைகளுக்கு அது நல்ல சாப்பாடு. எனக்குத்தான் ஒரு நாளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து தாங்க முடியாமல் போனது. தயிரில் லக்டோஸில் ஒரு பங்கைப் புளிக்கும்போதே பற்றீரியா தின்றுவிடுவதால் அது எனக்கு ஒத்துக்கொள்கிறது. கல்சியத்துக்கு முள்ளோடு தின்னும் நெத்தலி இருக்கிறது. டீ குடிப்பதையும் விடவில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீ, கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. இப்போது மூன்றாம் பாடவேளையில் என் குரல் சாதாரணமாக இருக்கிறது. ஒமிப்ரசோலையும் டொக்டர் மெதுவாக நிறுத்தச் செய்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்காவது டெஸ்ட் இருந்தால், இரத்த டெஸ்டோ, ஸ்கேனோ, கமரா விடுவதோ எதுவானாலும், அந்தத் தாளை நோயாளியிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் சமைக்கிறவர் வாசிக்கட்டும். கண் தெரியாத உம்மாமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். அன்றைக்கு ஒரு நாள் எல்லோரும் அதே சோற்றைச் சாப்பிடுங்கள். விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, "நாளைக்கு இவவுக்கு டெஸ்ட், சாப்பிட மாட்டா, குறை நினைக்காதீங்க" என்று வேறொருவர் சொல்லுங்கள். நோயாளியே சொன்னால் அது மறுப்பாகத் தெரியும். வீட்டார் சொன்னால் பத்தியம் என்று புரிந்துகொள்வார்கள்.

விருந்து கொடுக்கும் வீட்டாருக்கும் ஒரு சொல். விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது நம் மார்க்கம். பால் டீ வேண்டாம் என்கிறவருக்கு மறு பேச்சில்லாமல் ஒரு பிளேன்டீ கொடுப்பதும் கண்ணியம்தான்.

வயிற்றுக் கோளாறை வெட்கத்தால் மறைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் ஒரு டீச்சரோ, ஒரு பிள்ளையோ, ஒரு தாயோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை அவருக்கு எத்தி வையுங்கள். நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தரட்டும்.

வஸ்ஸலாம்.